மணிக்கூட்டுப் படத்தின் கீழ்ப் பாதி

மூன்று கிழமைக்கு முன்பு இந்தப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தேன், நினைவிருக்கிறதா? சுவரில் தொங்குகிற ஒரு பழைய மணிக்கூடு. எட்டு மூலைப் பெட்டி, கீழே பெண்டுலம் ஆடுவது தெரிய ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு, ரோம இலக்கம் போட்ட முகப்பு. ஆனால் ஏழுக்கு உரிய இடத்தில் மட்டும் ரோம இலக்கம் இல்லை. அது எப்போதோ அழிந்துபோக, யாரோ தூரிகையால் நாங்கள் எழுதுகிற சாதாரண 7-ஐ, அதுவும் கொஞ்சம் சரித்து, எழுதிவைத்திருந்தார்கள்.

'எந்தக் கோமாளி செய்த வேலையோ' என்று நானும் பகிடி விட்டிருந்தேன். வாசித்துச் சிரித்ததாக இரண்டு மூன்று பேர் எழுதியும் இருந்தீர்கள்.

போன கிழமை, செவ்வாயன்று, அந்தக் கோமாளியின் மகள் என் வீட்டுக்கு வந்தார்.

காலை பத்து மணி இருக்கும். பத்து என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். என் வீட்டில் பதினொரு மணிக்கூடுகள். ஒன்று பத்தடித்து முடிக்க, அடுத்தது தொண்டையைச் செருமும். அது முடிய இன்னொன்று... பத்து மணியைக் கடந்து போக எங்களுக்குக் கால் மணித்தியாலம் வேண்டும். அந்த அமளிக்குள் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. போய்ப் பார்த்தால், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முகமெல்லாம் வியர்வை. சைக்கிள் கூடைக்குள் எங்கள் பத்திரிகை, இந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி நாலாக மடித்தபடி.

என் எழுத்தைப் பாராட்ட உப்புவெளிக் கடற்கரையிலிருந்து பாலையூற்றிலுள்ள என் வீடு வரை சைக்கிள் மிதித்து ஒரு வாசகி! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், வாசகி என்பதால் மட்டுமல்ல. மீட்டர் பார்க்கிறவரையும் தபால்காரரையும் விட்டால், அந்தப் படலையைத் திறந்துகொண்டு ஓர் ஆள் உள்ளே வந்து மூன்று மாதமாகியிருந்தது. விறாந்தைக் கதிரையில் தூசியைத் தட்டி, இருக்கச் சொன்னேன்.

"ஐயா, இந்த மணிக்கூட்டுப் படம் போட்டது நீங்கள்தானே?"

"ஓம், நான்தான்."

"அந்த ஏழு எழுதினது என்ர அப்பா."

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவனுக்கு இது ஒரு வசதி... பகிடிக்கு உள்ளாகும் ஆள் எதிரே இருப்பதில்லை. எப்போதாவது ஒருமுறை சைக்கிளில் வந்து இறங்கினால்தான் கரைச்சல்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி, தெரியாமல்..." என்று இழுத்தேன்.

"சீ, அதுக்கு வரேல்லை ஐயா. அம்மாவே அப்பாவை அப்பிடித்தான் பகிடி பண்ணுறவ. ஏழு மணியானால் எங்கட மணிக்கூட்டுக்குச் சுளுக்குப் பிடிக்கும் எண்டு சொல்லுவா. அப்பா தோணியளுக்கு நம்பர் எழுதுற வேலை. அவருக்குத் தெரிஞ்ச ஏழு அதுதான்."

யோகேஸ்வரி என்று பெயர். உப்புவெளியில் வெளிநாட்டுக்காரர் தங்குகிற ஒரு விடுதியின் குசினியில் சமைக்கிறார். அங்கே ஞாயிறு பத்திரிகை எடுப்பார்கள். வேலை முடிந்து அதைப் புரட்டியபோது, தன் வீட்டுச் சுவரில் தொங்கிய மணிக்கூடு பத்திரிகையில் தொங்குகிறது! வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது தாத்தா ஏலத்தில் எடுத்த மணிக்கூடாம். அந்தச் சரிந்த ஏழு இல்லாவிட்டால் தானும் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன் என்றார்.

நான் உற்சாகமாகிவிட்டேன். மணிக்கூட்டின் சொந்தக்காரரே வந்தால் ஒரு சேகரிப்பாளனுக்கு வேறென்ன வேண்டும்? எந்தக் கம்பனி, எத்தனை நாளைக்கு ஒருமுறை சாவி கொடுத்தது, மணியோசை எப்படி... கேள்விகள் வரிசையில் நின்றன. அவர் ஒன்றுக்கும் காது கொடுக்கவில்லை.

"ஐயா, அசல் படத்தைக் காட்டுறீங்களோ?"

அல்பத்தை எடுத்துவந்தேன். என் மணிக்கூட்டுப் படங்களின் அல்பம் புதிய வாசகர்களுக்குத் தெரியாது. நல்ல மணிக்கூடுகளை வாங்க என் ஓய்வூதியம் காணாது. அதனால் மணிக்கூடுகள் பதிவாகியிருக்கும் பழைய படங்களைச் சேர்க்கிறேன். அந்தக் காலத்தில் வீட்டில் மணிக்கூடு வைத்திருந்தவர்கள், படம் பிடிக்கிறவர் வந்தால், அது படத்தில் விழாமல் விடமாட்டார்கள். கல்யாணமோ, பிள்ளைக்குப் பிறந்தநாளோ... எல்லோரும் போய் மணிக்கூட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். பழைய சாமான் கடைகளில் மரச் சட்டத்துக்காகப் பிரித்துப்போட்ட படக் குவியலைக் கிளறினால், பத்தில் ஒன்றிலாவது ஒரு மணிக்கூடு இருக்கும்.

யோகேஸ்வரி அந்தப் பக்கத்தைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படத்தின் கீழ் விளிம்பில் விரலை வைத்தார். அங்கே கறுப்பாக ஒரு பட்டை. நடுவில் வெள்ளையாகச் சில புள்ளிகள். நான் அதைச் சுவரில் பட்ட கறை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"இது அம்மான்ர தலை. இது பூ," என்றார். "ஐயா, கீழ்ப் பாதி எங்க?"

நான் ஏதும் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். அப்பா முன்பே காலமாகிவிட்டார். சுனாமிக் கடல் வந்த அன்று அம்மா வீட்டில், இவர் கந்தளாயில் ஓர் உறவினர் வீட்டில் நின்றிருக்கிறார். திரும்பி வந்தபோது உப்புவெளியில் வீடும் இல்லை, மணிக்கூடும் இல்லை, அல்பமும் இல்லை.

"அம்மாவை எடுத்தது மூண்டாம் நாள். எனக்குக் காட்டேல்லை. பார்க்க ஏலாது பிள்ளை எண்டு மறிச்சுப்போட்டினம். அடையாள அட்டையும் அவவோட போட்டுது. ஒரு படம் இல்லை ஐயா. திவசத்துக்கு நானே வாங்கின புதுச் சீலை ஒண்டை மடிச்சு வச்சு, அதுதான் அம்மா எண்டு விளக்குக் கொளுத்திறன். குரல் நல்லா நினைவிருக்கு. முகம்தான்... கண்ணை மூடினா ஒரு முகம் வருது. அது அம்மாவோ பெரியம்மாவோ எண்டு இப்ப எனக்கே தெரியுதில்லை."

பெரியம்மா அன்புவழிபுரத்தில் இருந்தவர். இந்தப் படத்தின் ஒரு பிரதி அவரிடம் இருந்திருக்கிறது. அவர் செத்த கையோடு பிள்ளைகள் வீட்டை விற்று, சாமான்களைக் கடைக்காரருக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படி ஒரு படம் இருந்த செய்தி யோகேஸ்வரிக்கு எட்டியபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஊரில் உள்ள பழைய சாமான் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறார். கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அதை நான் வாங்கிக்கொண்டு போயிருந்தேனே.

"வாற கிழமை புதன் அம்மான்ர திவசம். இந்த முறையெண்டாலும் முகத்தை வச்சுச் செய்யலாம் எண்டு ஓடிவந்தனான்."

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விசயம் இல்லை.

அந்தப் படத்தை வெட்டியது நான். என் கையால், என் மேசையில், இரும்பு அடிமட்டத்தை வைத்து, புது பிளேட்டால். என் அல்பத்தில் எல்லாப் படமும் ஒரே அளவு. ஆறு அங்குலம், நாலு அங்குலம். அதற்குள் மணிக்கூடு பெரிதாகத் தெரியவேண்டும். ஆனால் இந்தப் பாழாய்ப்போன பழைய படங்களில் மணிக்கூடு மேலே ஒரு மூலையில் இருக்கும், முக்கால்வாசி இடத்தை மனிதர்கள் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். யாரென்று தெரியாத மனிதர்கள். வெட்டிவிடுவேன். எத்தனை படம் அப்படி வெட்டியிருப்பேன் என்று கேட்டால், நான் எண்ணவில்லை.

அதைச் சொல்லியிருக்கலாம். 'தங்கச்சி, நான் ஒரு மடையன், வெட்டிப்போட்டன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த ஓர் ஆள். என்னை எழுத்தாளர் என்று மதித்துக் கதிரை நுனியில் இருக்கிற ஆள். அந்த மதிப்பை இழக்க மனம் வரவில்லை.

"எனக்குக் கிடைச்சதே இவ்வளவுதான், தங்கச்சி," என்றேன்.

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, படத்தின் வெட்டிய விளிம்பில் நகத்தை ஓட்டினார்.

"நல்ல நேரா வெட்டியிருக்கினம்," என்றார்.

முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன் நான். நேர்கோடு கீறுவதில் எனக்கு மேல் ஆளில்லை என்று பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாக என் நேர்கோட்டைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

தேத்தண்ணீர் போடட்டுமா என்று கேட்டேன். மத்தியானச் சமையல் இருக்கிறது என்றார். படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபின் மேசை இலாச்சிகளைக் கவிழ்த்தேன். பெட்டிகளைப் பிரித்தேன். குசினிப் பரணில் கிடந்த கடதாசிக் கட்டுகளையும் இறக்கினேன். இல்லை. வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு எரித்திருப்பேன் என்றுதான் நினைத்தேன். புதன், வியாழன், வெள்ளி... சோறு இறங்கவில்லை. குற்றம் செய்தவனுக்கு ஒரு சௌகரியம் வேண்டும் பாருங்கள், யாரிடமாவது புலம்பவேண்டும். எனக்கு அதற்கும் ஆளில்லை.

மனைவி எங்கே என்று சிலர் கேட்பீர்கள். கனடாவில். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதம் என்று போனவள். அந்த ஆறு மாதம் நடந்துகொண்டிருக்கிறது, இது நாலாவது வருடம். முதல் பேரன் நடக்கத் தொடங்க இரண்டாவது வந்தது. மகளுக்கு வேலை, மருமகனுக்கு இரவு வேலை. அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? என்னையும் கூப்பிட்டார்கள்தான். போய் ஒரு பனிக்காலம் இருந்து பார்த்தேன். ஜன்னலால் வெளியே பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் மணிக்கூடுகள் பெருகின. அதற்கு முதல் நாலு. இப்போது பதினொன்று. ஏன் இத்தனை என்று கேட்கிறவர்களுக்குக் கலை, வரலாறு, பொறிநுட்பம் என்று ஏதாவது அளந்துவிடுவேன். விசயம் அதல்ல. வெறும் வீட்டில் ஒரு சத்தம் வேண்டியிருந்தது. ஹோலில் ஒன்று நடக்கும், அறைக்குள் ஒன்று இருமும், குசினி வாசலில் ஒன்று முனகும். ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு காலையில்தான் நான் எல்லாவற்றுக்கும் சாவி கொடுப்பது. எட்டு நாள் ஓடுகிற மணிக்கூடுகள், ஒரு கிழமைக்கு ஒரு தடவை. கதிரையை இழுத்து இழுத்துப் போட்டு ஏறி இறங்க ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். மூன்றாவது மணிக்கூட்டுக்குச் சாவி இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் பலமாகத் திருகினேன். பெட்டி அசைந்தது. பின்னாலிருந்து ஏதோ நழுவி என் கால் பெருவிரலில் விழுந்தது.

முட்டு மட்டை. பழைய மணிக்கூடு வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். எங்கள் வீட்டுச் சுவர்கள் மேடும் பள்ளமும். பெட்டி சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்காவிட்டால் பெண்டுலம் பின்பலகையில் உரசும், நாலு நாளில் மணிக்கூடு நின்றுவிடும். அதனால் தடித்த மட்டைத் துண்டு ஒன்றை மடித்துக் கீழ் மூலையில் செருகிவிடுவேன். விழுந்தால் எடுத்துத் திரும்பவும் செருகுவது வழக்கம். அன்றும் எடுத்தேன். மடிப்பைச் சரிசெய்யப் பிரித்தேன்.

கோட்டும் வேட்டியும் உடுத்த ஒரு மனிதர், கையில் குடையோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய படங்களை ஒட்டுகிற மட்டை நல்ல தடிப்பு. வளையாது, பூஞ்சணம் சுலபத்தில் பிடிக்காது. முட்டுக் கொடுக்க அதைவிடத் திறம் சாமான் இல்லை. வீணாக்குவானேன் என்று... ஓம். நான் அவர்களை எரிக்கவில்லை. வெட்டி எடுத்த மனிதர்களை இரண்டாக மடித்து, முகத்தைச் சுவரோடு வைத்து, மணிக்கூடு நேராக நிற்பதற்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

பதினொன்றையும் கழற்றினேன். வேறு வழியில்லை. கழற்றினால் நின்றுவிடும் என்று தெரியும், தெரிந்துதான் கழற்றினேன். ஒவ்வொன்றாகக் கட்டிலில் கிடத்தினேன். சிலவற்றுக்குப் பின்னால் வெறும் மட்டை. சிலவற்றுக்குப் பின்னால் ஆட்கள். ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட இரண்டு சகோதரிகள். பரிசுக் கிண்ணத்தோடு ஒரு பள்ளிக்கூடப் பொடியன். தலையைக் குனிந்த ஒரு மணப்பெண். குசினி வாசலுக்கு மேலே தொங்குவது மிகவும் பாரமானது. அதை எப்போதும் கடைசிக்கு வைப்பேன். நெஞ்சோடு அணைத்து இறக்கிக் கையை விட்டுத் துழாவினேன். மட்டை கைக்கு வந்தது.

கதிரையில் இருக்கிற ஓர் இளம்பெண். மடியில், போட்ட சட்டையை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி, ஏதோ கோபத்தில் முகத்தைச் சுளித்த இரண்டு வயதுப் பிள்ளை. பெண்ணின் நெற்றி பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது. நான் மடித்த மடிப்பு அவருடைய கழுத்தைக் குறுக்காக வெடிக்கச் செய்திருந்தது. அந்த இடத்தில் மை உதிர்ந்து வெள்ளையாக ஒரு கோடு. முகத்துக்கு ஒன்றும் இல்லை. அல்பத்திலிருந்து மணிக்கூட்டைப் பிரித்து மேலே வைத்துப் பார்த்தேன். கறை என்று நினைத்த தலைமயிர் நெற்றியில் வந்து சரியாக உட்கார்ந்தது.

நிலத்தில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரமென்று சொல்ல வீட்டில் ஒரு மணிக்கூடும் ஓடவில்லை. டெலிபோன் அடித்தபோதுதான் எழுந்தேன். ஞாயிறு பின்னேரம் மனைவி எடுப்பாள். பேரப்பிள்ளைகள் எழும்ப முதல் அவளுக்குக் கிடைக்கிற நேரம் அது.

"இஞ்சேருங்கோ, என்ன பின்னால ஒரு சத்தத்தையும் காணேல்லை? கரண்ட் இல்லையோ?"

"மணிக்கூட்டுக்கு என்ன கரண்ட்?"

"அப்ப ஏன் உங்கட குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? சாப்பிட்டனீங்களோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். யோகேஸ்வரி வந்ததை, நான் பொய் சொன்னதை, மட்டைகளை. பேசாமல் கேட்கிற ஆளில்லை அவள். முடிந்ததும் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்.

"அதுக்குள்ள என்ர படமும் இருக்கோ?"

"உனக்கென்ன விசரே? உன்ர படம் அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு."

"அலுமாரிக்குள்ளயோ?" என்றாள். "ஓம், சுவரில எங்க இடம்."

நாலு வருடம். புதிதாக ஏழு ஆணி அடித்திருக்கிறேன். அவளுக்கென்று ஓர் ஆணி அடிக்க எனக்குத் தோன்றவில்லை. அவளை நினைக்காமல் இருந்தேன் என்று இல்லை. நினைத்து நினைத்துத்தான் அத்தனை மணிக்கூடும் வாங்கினேன். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை இரண்டு பாதியையும் ஒரு புது மட்டையில் பொருத்தி, உறையில் போட்டு, பஸ் ஏறினேன். டவுனில் இறங்கி உப்புவெளி பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு மான் வந்துவிட்டது. எங்கள் திருகோணமலை மான்களை உங்களுக்குத் தெரியும்தானே, பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலும் கடதாசியும் தின்று வளர்ந்தவை. நேரே என் உறையைக் குறிவைத்து மூக்கை நீட்டியது. இரண்டு கையாலும் உறையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, பஸ் வரும்வரை அப்படியே நின்றேன். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

விடுதியின் பின்பக்கம்தான் குசினி. யோகேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். ஏன் வந்தேன் என்று கேட்கவேயில்லை. துடைத்துவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தார். நான் குசினி வாசலிலேயே நின்றேன். கடற்கரைப் பக்கம் யாரோ வெளிநாட்டுப் பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம் கேட்டது. அவர் என்னைப் பாராமலே சொன்னார்.

"அம்மா என்னைவிடச் சின்னப் பிள்ளை, ஐயா."

பிறகு, "நான்தான் மடியில. சட்டை கடிக்குது எண்டு அழுதனானாம். அம்மா சொல்லுறவ." பிறகு கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அழுதார். சத்தமில்லாமல் அழவில்லை. உள்ளே இருந்து இன்னொரு பெண் ஓடிவந்து, என்னைச் சந்தேகமாகப் பார்த்து, அவரைப் பிடித்துக்கொண்டார்.

அழுகை ஓய்ந்ததும் நான் சொன்னேன். "தங்கச்சி, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். இதை வெட்டினது நான்தான்."

"தெரியும் ஐயா."

"எப்பிடி?"

"நீங்கள்தானே எழுதியிருந்தீங்கள்." சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "தேவையில்லாத ஆக்களை வெட்டி எடுத்தாப்போலதான் மணிக்கூட்டின்ர வடிவு தெரிஞ்சது எண்டு. பேப்பரில கிடக்கு. எத்தினை தரம் வாசிச்சனான்."

எழுதியிருந்தேன். என் பகிடிகளை நானே மறந்துவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் மறப்பதில்லை.

"பிறகேன் என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பார்த்தனான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது நியாயம் சொல்லித் தப்பியிருப்பேன்.

"வெட்டினதுகூடப் பரவாயில்லை ஐயா. உங்களுக்கு ஆரெண்டு தெரியாதுதானே. 'தேவையில்லாத' எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போச்சு. அண்டைக்கு முழுக்கச் சமைக்க ஏலேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கிற துணிவும் இல்லை. புதன்கிழமை திவசத்துக்கு வாருங்கள் என்று சொல்வார் என ஏனோ எனக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. நாலு பேரோடு பந்தியில் இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம்! அவர் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான்.

பஸ்ஸுக்கு நடந்தபோது பின்னால் கூப்பிட்டார். ஓடி வந்திருந்தார், படம் கையிலேயே இருந்தது.

"ஐயா, இப்பிடி வேற ஆக்களும் இருக்கினமோ உங்கட வீட்டில?"

"எட்டுத் துண்டு இருக்கு."

"அவையளையும் ஆராவது தேடுவினம்," என்றார். "இந்த முறை வடிவா எழுதுங்கோ."

எழுதுகிறேன்.

குடை பிடித்த, கோட்டுப் போட்ட ஒரு மனிதர். இடது மீசை நுனி கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஒரே துணியில் சட்டை போட்ட இரண்டு சகோதரிகள், சின்னவளுக்கு முன்பல் ஒன்று இல்லை. பரிசுக் கிண்ணத்தைக் கீழே விட்டுவிடுவோமோ என்ற பயத்தோடு பிடித்திருக்கிற பொடியன். குனிந்திருக்கிற மணப்பெண்ணின் முகம் முழுதாகத் தெரியவில்லை, ஆனால் கழுத்தில் பவளம் கோத்த மாலை ஒன்று இருக்கிறது, வீட்டார் என்றால் கண்டுபிடிப்பார்கள். மேசையில் குப்புறக் கிடந்து சிரிக்கிற ஒரு குழந்தை, இப்போது அறுபது வயதுக்கு மேலிருக்கும். கைக்குட்டையை விரித்து அதன்மேல் இருக்கிற ஒரு கிழவர். மற்ற இரண்டிலும் மடிப்பில் நிறைய உதிர்ந்துவிட்டது. கண்கள் மட்டும்தான் மிச்சம். கண்களே போதும் என்கிறவர்களும் இருப்பீர்கள்.

எட்டுத் துண்டையும் நிமிர்த்தி, பாரம் வைத்துத் தட்டையாக்கி, விறாந்தை மேசையில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். திருகோணமலையில், மூதூரில், கிண்ணியாவில், வேறெங்கேயாவது... கடலிலோ சண்டையிலோ வீடு மாறும்போதோ ஒரு படத்தைத் தொலைத்தவர்கள் வந்து பாருங்கள். காலையென்றாலும் சரி, பின்னேரமென்றாலும் சரி. அறிவித்துவிட்டு வரத் தேவையில்லை. படலை சும்மா சாத்தித்தான் இருக்கும்.

உங்களுடைய ஆட்கள் அதில் இல்லையென்று வந்து பார்த்தபின் தெரிந்தாலும் பரவாயில்லை... கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள்.